எக்ஸ்ரே அக்கா வீடு பார்த்த விதம்

என் அக்கா யாரையும் நம்ப மாட்டாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் ஏறி, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேராகப் போய் டிக்கெட் எடுக்காத ஆளின் முன்னால் நிற்பாள். டிப்போவில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர்.

"டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளிய பாப்பான்னு எல்லாரும் நினைக்கறாங்க. அது கத்துக்குட்டி பண்றது. தேர்ந்தவன் என்ன பண்ணுவான் தெரியுமா? என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, பக்கத்துல நிக்கறவங்களுக்கு இடம் குடுப்பான். திடீர்னு ஒருத்தனுக்கு நல்ல குணம் வந்தா அங்க நில்லு, டிக்கெட்டைக் கேளு" என்பாள்.

இந்தப் பாடத்தை அவள் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவர். சாது. பழக்கடைக்காரர் எடுத்துப் போடுவதை அப்படியே வாங்கி வருவார். ஒருநாள் அவர் காரணமில்லாமல் பாத்திரம் கழுவிக் கொடுத்ததற்கு, அக்கா அவருடைய சட்டைப் பைகளையெல்லாம் சோதித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அதன் பிறகு அவர் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள். வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். படிப்புச் செலவு முழுக்க அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. மாமாவின் சம்பளம் வாடகைக்கும் அடுப்புக்கும் சரியாக இருக்கும்.

ஒரு மழை நாளில், நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றி ஏறப் போன அக்கா படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் போய்விட்டது. அறுவை சிகிச்சை செய்தும் பழைய நடை திரும்பவில்லை. இனி பஸ் ஏறி இறங்குகிற வேலை முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் ஒரு மொத்தத் தொகையையும் ஒரு பூங்கொத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. பூங்கொத்தில் பாதி பிளாஸ்டிக் என்பதை அங்கேயே, மேடையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

எனக்கு மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கிற கடை. அக்கா கைத்தடியோடு கடைக்கு வந்து, என் ஸ்டூலைப் பிடுங்கி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"இந்தப் பணத்துல சின்னதா ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடப் போறேன். மாசா மாசம் சம்பளம் மாதிரி வரணும். பொண்ணு படிச்சு முடிக்கணும்."

"பேங்க்ல போட்டா வட்டி வருமே."

"அந்த வட்டியில விடுதிச் செலவைக் கூடக் கட்ட முடியாது. கணக்குப் போட்டாச்சு." கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. இதுல ஒரு தடவை ஏமாந்தேன்னா, மறுபடி சம்பாதிக்க எனக்குக் கால் இல்லடா."

அவள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். பயந்திருக்கிறாள் என்று புரிந்தது. "சரி, நான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன்" என்று வாயைக் கொடுத்தேன். அதோடு என் கடை பாதி நேரம் மூடிக் கிடக்க ஆரம்பித்தது.

வீடு வாங்குவது பற்றி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. வாடகை வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அக்கா முதலில் விளம்பரங்களைப் படித்தாள். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை என்று போட்டிருந்தால், அந்த வழியை நொண்டி நொண்டி நடந்தே பார்த்தாள். வியர்த்து வழிய வந்து நின்று, "இதை அஞ்சு நிமிஷத்துல நடந்தவனை நான் பாக்கணும். அவனுக்கு நாலு காலா இருந்திருக்கும்" என்றாள். அமைதியான சூழல் என்று போட்டிருந்த இடத்தில் நாய் கூட இல்லை.

அடுத்து, ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த இலவச வகுப்புக்குப் போனோம். வீட்டில் முதலீடு செய்து வளர்வது எப்படி என்று தலைப்பு. டீயும் ஒரு பளபளப்பான ஃபைலும் கொடுத்தார்கள். கோட்டுப் போட்டவர் ஒருவர் மேடையில் குதித்துக் குதித்துப் பேசினார். நடுவில், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் பார்வையாளர் பக்கத்திலிருந்து எழுந்தார். "சார், போன வருஷம் நீங்க சொல்லித்தான் ஒரு ஃபிளாட் வாங்கினேன். இன்னைக்கு அதோட விலையே வேற!" என்று தழுதழுத்தார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். சிலர் எழுந்து போய் முன்பணம் கட்ட வரிசையில் நின்றார்கள்.

அக்கா தட்டவில்லை. கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்தவள், வகுப்பு முடிந்ததும் என்னை மண்டபத்தின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கட்டச் சட்டைக்காரர் அங்கே நாற்காலிகளை மடக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்க" என்றாள். "விக்கிற இடத்துல, வாங்க வந்தவன் மாதிரி ஒரு ஆளை நிறுத்துவாங்க. அவன் அவசரப்படுவான். அவனைப் பாத்து நாம அவசரப்படணும். அதுக்குத்தான் அவனுக்குக் கூலி."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிளாஸ்டிக் பூவுக்குப் பிறகு அன்றுதான் அவள் பழைய அக்காவாக இருந்தாள். அந்த வெற்றி பின்னால் எங்களை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

கோட்டுக்காரர் வாய் தவறி உருப்படியாகச் சொன்ன ஒரே விஷயத்தை மட்டும் அக்கா பிடித்துக்கொண்டாள். வீட்டின் விலை எத்தனை வருஷத்து வாடகைக்குச் சமம் என்று பார்ப்பது. வருஷம் குறையக் குறைய நல்லது. அதில் அவளே சிலதைச் சேர்த்துக்கொண்டாள். காலியாகக் கிடக்கும் மாதங்களைக் கழிப்பாள். வெள்ளையடிக்க, குழாய் மாற்ற, கட்டடப் பராமரிப்புக்கு என்று கழிப்பாள். "வருஷம் பூரா ஆள் இருக்கும்னு எந்த மடையன் சொன்னான்?" என்பாள்.

வாடகை எவ்வளவு வரும் என்று புரோக்கர் சொல்வதை அவள் எடுத்துக்கொள்ளவே மாட்டாள். அவள் வாங்குபவளாகப் பேசிவிட்டு வந்த மறுநாள், நான் அதே புரோக்கரிடம் வாடகைக்கு வீடு தேடுபவனாகப் போனில் பேச வேண்டும். "குரலைக் கொஞ்சம் பாவமா வெச்சுக்கடா." புரோக்கர் அவளிடம் ஒரு வாடகை சொல்லியிருப்பார். என்னிடம் அதே கட்டடத்துக்கு அதில் முக்கால்வாசிதான் சொல்வார், "முதல் மாசம் பாத்துச் செய்யலாம் சார்" என்று கூடவே இழைவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்பாள். "அவன் வாயாலயே வந்துடுச்சு பாரு."

நானும் ஒரு யோசனை சொல்லி மாட்டிக்கொண்டேன். ஒரு கட்டடத்தில் நிஜமாக ஆள் இருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது என அவள் கேட்டபோது, மீட்டர் அறையைப் பார்த்தால் போதும் என்றேன். வீட்டுக்குள் கரண்ட் ஓடினால் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். காலி வீட்டு மீட்டர் சும்மா கிடக்கும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஹால், படுக்கையறை எதையும் பார்க்காமல், "மீட்டர் ரூம் எங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். புரோக்கர்களுக்கு முகத்தில் ஈயாடாது.

எங்கள் பணத்துக்கு ஏற்ற வீடுகளைக் காட்டுவதற்கென்று கடைசியில் ஒரு புரோக்கர் அமைந்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். அக்கா அவருக்குச் சிரிப்பு என்றே பெயர் வைத்தாள். சிரிப்பு முதலில் காட்டியது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்தெருவில், பழைய கட்டடத்தில், முதல் மாடி ஃபிளாட். லிஃப்ட் கிடையாது. பெயின்ட் உரிந்திருந்தது. ஆனால் மீட்டர் அறையில் அத்தனை விளக்கும் மினுக்கின. தபால் பெட்டி எதிலும் பழைய தபால் தேங்கியிருக்கவில்லை. ஜன்னல் விளிம்புகளில் வெள்ளை ஷூக்கள் காய்ந்தன.

"நர்ஸுங்க" என்று அக்கா என் காதில் சொன்னாள். "ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போகாதுடா. இங்க ஆளுக்குப் பஞ்சம் வராது."

கணக்கும் சரியாக வந்தது. மாடிப் படியை ஒவ்வொன்றாக, வலது காலை வைத்து இடது காலை இழுத்து ஏறினாள். எனக்கு மனசுக்குள் மணி அடித்தது. முடிந்தது, இனி கடையை ஒழுங்காகத் திறக்கலாம்.

உள்ளே ஒரு ஜோடி நின்றிருந்தது. வெயில் காலத்தில் கையில் குடையோடு ஓர் உயரமான மனிதர். குடைக் காம்பால் சுவரை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, குட்டையாக, ஒரு அளவு டேப்பைத் தரையில் நீட்டி மண்டியிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"இவங்களுக்கும் வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சிரிப்பு சிரித்தார்.

அக்காவின் மூக்கு விடைத்தது. "பாத்துச் சொல்றோம்" என்று இறங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் ஊர்க் கோடியில் ஒரு வீடு. கதவைத் திறந்தால் டொக் டொக். குடைக்காரர். டேப் அம்மா ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். மறுபடி குசுகுசு.

ஸ்கூட்டரில் ஏறியதும் அக்கா என் தோளைத் தட்டினாள். "தெரிஞ்சுதா?" என்றாள்.

"என்ன?"

"கட்டச் சட்டை. இது ரெட்டைக் கட்டச் சட்டை. சிரிப்போட ஆளுங்க. நாம போற இடத்துக்கெல்லாம் முன்னாடியே அனுப்பி நிறுத்தறான்."

"அக்கா, அவங்ககிட்டயும் நம்ம அளவுதான் பணம் இருக்கும். அதே புரோக்கர்கிட்டதான் வந்திருக்காங்க. அப்ப அதே வீட்டைத்தானே காட்டுவாரு?"

"நீ ஃபேனைப் பாரு. மனுஷங்களை நான் பாக்கறேன்."

"சரி, ஆஸ்பத்திரி வீட்டை என்ன பண்றது?"

"வேண்டாம். நல்ல வீட்டுக்கு எதுக்கு ஆள் செட் பண்ணணும்? உள்ள ஏதோ கோளாறு இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் அவளை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போயிருப்பேன். கால் சரியாக இருந்திருந்தால் நிச்சயமாகச் செய்திருப்பேன். கையில் விழுந்த பழத்தை, பறித்துக் கொடுத்தவன் முகம் சரியில்லை என்று தூக்கிப் போடுகிறாளே என்று பொருமிக்கொண்டே ஓட்டினேன்.

மூன்றாவதாகச் சிரிப்பு காட்டியது பளபளவென்று ஒரு புதுக் கட்டடம். வாசலில் நீரூற்று, கண்ணாடிக் கதவு, சீருடைக் காவலாளி. "எல்லாம் வித்துப் போச்சு, ரெண்டே ரெண்டுதான் பாக்கி" என்றார். குடையும் டேப்பும் அங்கேயும் ஆஜர். அக்கா மீட்டர் அறைக்குப் போனாள். வரிசை வரிசையாகப் புது மீட்டர்கள். அங்கொன்று இங்கொன்றுதான் மினுக்கியது. மற்றதெல்லாம் செத்துக் கிடந்தன.

வெளியே வந்து, குடைக்காரர் காதில் விழட்டும் என்றே, டிப்போ குரலில் பேசினாள்: "வித்துப் போச்சு சரி, குடியிருக்கறது யாரு? வாங்கினவங்க எல்லாம் அடுத்தவன் தலையில கட்டறதுக்காக வாங்கிப் போட்டிருக்காங்க. வாடகைக்கு ஒரு ஆள் வந்தா நூறு வீடு போட்டி போடும். மீட்டரைப் போய்ப் பாருங்க, தெரியும்! இதுல பணம் போடறவன் முட்டாள்."

சிரிப்பின் சிரிப்பு அப்படியே நின்றது. குடைக்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். அக்கா என்னை முழங்கையால் இடித்தாள். "பாத்தியா, குட்டு உடைஞ்சதும் முழியை!"

அதன் பிறகு சில வாரங்கள் எந்த வீடும் அமையவில்லை. மகளின் அடுத்த ஃபீஸ் தவணை நெருங்கியது. அக்கா வீட்டில் உட்கார்ந்து கைத்தடியின் ரப்பரை நோண்டிக்கொண்டிருப்பாள். சிரிப்பு போன் செய்து, "ஆஸ்பத்திரி வீடு இன்னும் இருக்கும்மா. பாத்த ரெண்டு பார்ட்டியும் திரும்பி வரல. ஓனர் விலையைக் கூடக் குறைச்சுட்டாரு" என்றார். குறைத்துவிட்டாரா, அப்படியானால் நிச்சயமாகக் கோளாறு என்று அக்கா வைத்துவிட்டாள்.

ஒருநாள் என் ஸ்கூட்டர் பட்டறையில் கிடந்தது. வேறு ஏதோ ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு மெதுவாக நடந்து வந்தோம். எங்களுக்கு முன்னால் குடை. அதன் பக்கத்தில் டேப் அம்மா. பஸ் வந்து, அவர்கள் முன்வாசலில் ஏறினார்கள்.

"ஏறுடா" என்றாள் அக்கா.

"இது நம்ம பஸ் இல்லக்கா."

"ஏறுன்னா ஏறு. இவங்க எங்க போய் யார்கிட்ட கூலி வாங்கறாங்கன்னு இன்னைக்குப் பாத்துடறேன்."

விழுந்த பிறகு அவள் பஸ்ஸில் ஏறவே இல்லை. கைத்தடியை என்னிடம் நீட்டிவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். கூட்டத்தில் ஊர்ந்து, எப்படியோ அவர்கள் இருக்கைக்கு நேர் பின் இருக்கையைப் பிடித்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கண்டக்டர் முன்னால் எங்கேயோ கூட்டத்துக்குள் இருந்தார்.

"எனக்கு இப்பத்தான் நிம்மதி" என்று டேப் அம்மா சொல்வது கேட்டது. "அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இனிமே அந்த நொண்டி அம்மா மூஞ்சியில முழிக்க வேண்டாம்."

"கில்லாடி" என்றார் குடைக்காரர். "எந்த வீட்டுக்குப் போனாலும் அங்க நிக்கறா. கூட ஒரு முரட்டுப் பையன். புரோக்கர் ஆளுன்னு எனக்கு அந்த ஆஸ்பத்திரி வீட்டுலயே சந்தேகம். அதனாலதானே அதை விட்டோம். நல்ல வீடு, பாவம்."

"புதுக் கட்டடத்துல எப்படிக் கத்தினா! நல்ல இடம்னு தெரிஞ்சு நம்மள விரட்டப் பாத்தா. யாரோ வேற பார்ட்டிக்காக."

"ஆனா நடிப்பைச் சொல்லணும். அந்த நொண்டல் இருக்கு பாரு, ஒரு தடவை கூடக் கால் மாறலயே."

நான் கோபத்தோடு எழப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் அது இல்லை. அடி வாங்கியவள் போல வெறித்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தைச் சோதித்தவள், தன் முகத்தை ஒருவர் சோதித்து, திருட்டு முகம் என்று தள்ளிவிட்டதை அன்றுதான் கேட்கிறாள்.

அந்த நேரம் பார்த்து பஸ் நின்றது. இரண்டு வாசலிலும் பரிசோதகர்கள் ஏறினார்கள். "டிக்கெட், டிக்கெட்."

நாங்கள் டிக்கெட் எடுத்திருக்கவில்லை. ஏறிய அவசரத்தில் அது இருவருக்கும் நினைவே வரவில்லை.

"அம்மா, டிக்கெட்" என்று எங்கள் முன்னால் நின்ற இளம் பெண், முந்தானைக்குள் இருந்த முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, எக்ஸ்ரே அக்கா! நீங்களா?"

"டிக்கெட் இல்ல. அபராதம் போடு."

"என்னக்கா நீங்க, உங்களுக்குப் போய்..."

"எனக்கு வேற ரூலா? ரெண்டு ஆளுக்கும் போடு."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி இருந்தவர்கள் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு அவர்களிடம் படபடத்தாள்: "இவங்கதாங்க எனக்கு வேலை கத்துக் குடுத்தது. டூட்டியிலதான் கால் போச்சு. பஸ்ஸுல ஏறப் போய் விழுந்துட்டாங்க."

முன் இருக்கையில் இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பின. நான் பார்த்த முகங்களிலேயே பரிதாபமான முகங்கள் அவை. குடைக்காரர் குடையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா முந்தானையை இறக்கினாள். அபராத ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"நீங்க அந்தப் புரோக்கரோட ஆளு இல்லையா?"

"நாங்களா?" என்றார் டேப் அம்மா. "நாங்க உங்களை இல்ல நினைச்சோம்!"

விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குடைக்காரர் கடைகளுக்கு எடை மெஷின் பழுது பார்த்து, எடை சரியா என்று சோதித்துக் கொடுக்கிறவர். அவர் மனைவி வீடுகளுக்குத் திரைச்சீலை தைக்கிறவர். சொந்தக் கடையை விற்ற பணத்தில், பின்னால் உதவட்டும் என்று ஒரு ஃபிளாட் தேடுகிறார்கள். இருவரும் எங்களை மாதிரியே கற்றுக்குட்டிகள். எடை மெஷின்காரரிடம் நம்பிக்கையை எங்கே எதிர்பார்ப்பது?

"அட்வான்ஸ் எங்க குடுத்தீங்க?" என்றாள் அக்கா.

"அந்தப் புதுக் கட்டடத்துல. இன்னைக்குக் காலையில."

"மீட்டர் பாத்தீங்களா?"

குடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க பாக்கச் சொன்னீங்க. அதனாலதான் பாக்கல."

டேப் அம்மாவின் கை கைப்பையின் மேல் இறுகியது. தாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"அடுத்த ஸ்டாப்புல இறங்குங்க" என்றாள் அக்கா. "ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிடலாம்."

நான் அவள் காதைக் கடித்தேன். "அக்கா, யோசிச்சுப் பாரு. இவங்களுக்குப் பணம் திரும்பி வந்தா நேரா ஆஸ்பத்திரி வீட்டுக்குத்தான் போவாங்க. முதல்ல சிரிப்புக்குப் போன் போட்டு அந்த வீட்டை முடி. அப்புறம் இவங்களுக்கு உதவு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நாளைக்குப் போனா இவங்க பணம் வராதுடா." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனா அவங்களை மடக்கணும்னு சொன்னேன். எப்படி நம்புவாங்க?"

புதுக் கட்டடத்தின் விற்பனை அலுவலகத்தில் குளிர் வெளுத்து வாங்கியது. டை கட்டிய இளைஞர் ஒருவர், கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்று தேனாகப் பேசினார். சோஃபாக்களில் நாலைந்து பேர் ஃபைலைப் புரட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அக்கா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் குரலை உயர்த்தினாள்.

"சரி தம்பி, மீட்டர் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

சோஃபாவில் ஒரு தலை நிமிர்ந்தது.

"வாங்கறதுக்கு முன்னாடி எத்தனை வீட்டுல ஆள் இருக்காங்கன்னு நான் பாக்கணும். இவங்களும் வந்து பாக்கட்டுமே."

இன்னும் இரண்டு தலைகள். ஒருவர் ஃபைலை மூடி வைத்தார். இளைஞர் எழுந்து உள்ளே போனார். மேலாளர் வந்தார். அக்கா சாவியைப் பற்றி மறுபடி கேட்கத் தொண்டையைக் கனைத்தபோது, காலையில் வாங்கிய காசோலையே மேஜைக்கு வந்துவிட்டது. இன்னும் வங்கிக்குப் போகவில்லையாம். வாங்க வந்தவள் போல வேஷம் கட்டி ஒரு விற்பனையைக் கெடுத்தது என் அக்கா வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ரொம்ப நன்றாகச் செய்தாள்.

வெளியே நீரூற்றின் பக்கத்தில் வந்து நின்றோம். குடைக்காரரும் மனைவியும் கொஞ்சம் தள்ளிப் போய், வழக்கம்போல் குசுகுசுவென்று பேசினார்கள். போச்சு, நர்ஸுகளின் வெள்ளை ஷூக்களும் போச்சு, அக்காவின் சம்பளமும் போச்சு. அக்கா கைத்தடியில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து குடைக்காரர் சொன்னார்: "ஆஸ்பத்திரி வீட்டை நீங்க எடுத்துக்கங்கம்மா. எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் கை ஓடுது. நாங்க வேற தேடிக்கறோம்."

அக்கா நிமிர்ந்தாள். கண்கள் சுருங்கின. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எழுந்து இடம் கொடுக்கிறவனைப் பார்க்கிற பார்வை.

"ஏன்? அந்த வீட்டுல என்ன கோளாறு பாத்தீங்க?"

நீரூற்றில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. குடைக்காரர் குடையைத் தரையில் ஓங்கி ஊன்றினார். டேப் அம்மாவுக்கு மட்டும் கோபம் வரவில்லை. கைப்பையைத் திறந்து அளவு டேப்பை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நானா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். எங்க வார்த்தையை நம்பாதீங்க. நீங்களே போய் அளந்து பாருங்க. டேப்பை அப்புறம் திருப்பிக் குடுங்க, போதும்."

அக்கா டேப்பைக் கொஞ்சம் இழுத்து, நுனி வெட்டுப்பட்டிருக்கிறதா, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் நன்றி சொன்னாள்.

மறுநாள் காலையில் சாவி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வீட்டுக்குப் போனோம். அக்கா ஒரு மூலை விடவில்லை. ஹாலை அளந்தாள், சமையலறையை அளந்தாள். என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருந்த குடையை வாங்கிச் சுவரெல்லாம் தட்டினாள். குழாய்களைத் திறந்து ஓடவிட்டாள், ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள், கழிவறைத் தரையில் கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவினாள். நான் டேப்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு, எப்போது கோளாறு கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

கடைசியில் காலி ஹாலின் நடுவில், வலிக்கும் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டேப்பை மெதுவாகச் சுருட்டினாள். மாடிப் படியில் யாரோ வேலைக்கு இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. பயந்துபோய் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா? என்ன கோளாறு?"

"ஒண்ணுமே இல்லடா. சும்மாதான் விட்டுக் குடுத்திருக்காங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "டிக்கெட் வெச்சிருக்கறவங்களும் எந்திரிச்சு இடம் குடுத்திருப்பாங்க போலடா. டிக்கெட்டைப் பாத்துட்டு நகர்ந்துடுவேன், அவங்ககிட்ட நான் ஒரு நாளும் திரும்பிக் கூடப் பேசினதில்லையே."